அந்தக் குமரன் என் மகன் அல்ல

1

கற்பூர வாசம் பட்டால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் கை தானாகக் குவியும். எனக்குக் கால் தானாக நகரும்.

போன வாரம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இரண்டு பெண்களுக்குள் தகராறு. கூடை மாறிப்போய்விட்டது, நிறைய இருந்த கூடை என்னுடையது என்று இருவரும் சொன்னார்கள். கங்காணி பார்த்தார். மடியிலிருந்து ஒரு சூடக் கட்டியை எடுத்து வெற்றிலையில் வைத்துக் கொளுத்தினார்.

"யாரு சொல்றது நெசமோ, அவ வந்து அணைக்கட்டும்" என்றார்.

நான் பேனாவைப் போட்டுவிட்டு அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "கிளாக்கர் ஐயாவுக்குக் குளிர் ஒத்துக்கல போல" என்று வெளியே யாரோ சொன்னார்கள். இந்தக் குளிரில்தான் எனக்குத் தலை நரைத்தது. அது இதுவரை எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

நம் ஊர் வழக்கத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் பட்டணத்தில் பிறந்த பிள்ளைகள் யாராவது இதைப் படிக்கலாம். சாமி முன்னால் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து ஒரு வார்த்தை சொன்னால் அதோடு வழக்கு முடிந்தது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பொய்யாக அணைத்தவன் வீட்டில் பிள்ளை தங்காது என்பது நம்பிக்கை. இதற்கு வக்கீல் வேண்டாம், ஸ்டாம்பு வேண்டாம், வாய்தா கிடையாது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் ஒரே ஒரு குறைதான் உண்டு. யாராவது ஒருவன் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாம். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. நடந்து இந்தக் கோடையோடு ஒரு வருஷம் ஆகிறது.

நாளைக்கு நான் பக்கத்து டவுனான ஹட்டனுக்குப் போய், சமாதான நீதவான் முன்னால், தண்டனை பெற்ற ஒருவன் என் மகன் அல்ல என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் என் மகன் இங்கே வந்து சேருவான். ஆம், சரியாகத்தான் படித்தீர்கள்.

2

நான் இருப்பது இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். பெரிய கிளாக்கர், அதாவது தலைமைக் குமாஸ்தா. பெயர் முத்தையா. விடிவதற்கு முன் தப்பு அடிப்பார்கள். ஜனங்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். நான் பேர் பதிவேன். பெரிய தொரை குதிரையில் வந்து, "எல்லாம் சரியா?" என்று இங்கிலீஷில் கேட்பார். நான் "சரி" என்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது எல்லாம் சரியாக இருந்ததா என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்தப் பதிலுக்குத்தான் சம்பளம்.

மகள் வள்ளி இங்கேயே பிறந்தவள். கீழே விழுந்தால் "அம்மே" என்று சிங்களத்தில் அழுகிறாள். மகன் குமாரசாமியும் அப்படி ஆகிவிடுவான் என்று பயந்து, அவனை நம் ஊருக்கு அனுப்பிப் புதுக்கோட்டையில் காலேஜில் சேர்த்தேன். விடுமுறைக்கு என் மனைவி செல்லம்மாளின் அண்ணன் வீட்டில் இருப்பான். திருமயத்துக்கும் பொன்னமராவதிக்கும் நடுவில் உள்ள எங்கள் கிராமத்தில் அவர்தான் அம்பலகாரர், ஊர்ப் பெரியதனம். மாமன் வீட்டில் வளர்ந்தால் பையன் நம் ஊர்ப் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொள்வான் என்று நினைத்தேன். கற்றுக்கொண்டான். ஒவ்வொன்றையும் கற்றுக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்டான்.

இரண்டாவது வருஷம் சாமி இல்லை என்று முடிவுக்கு வந்தான். தன் பெயரில் இருந்த சாமியையும் எடுத்துவிட்டுக் குமரன் என்று எழுத ஆரம்பித்தான். பெயர் வைக்கப் பழனிவரைக்கும் நடந்து போனவன் நான். செல்லம்மாளிடம் சொன்னபோது அவள் கவலைப்படவில்லை. "கூப்புடறதுக்குச் சின்னதா நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பி.ஏ. பரீட்சை முடிந்தது. எங்கள் தோட்டத்திலேயே சின்ன கிளாக்கர் வேலை காலியாக இருந்தது. தொரையிடம் சொல்லி வைத்திருந்தேன். தாசில்தாரிடம் ஒரு நன்னடத்தைப் பத்திரம் வாங்கிக்கொண்டு கப்பல் ஏற வேண்டியதுதான் பாக்கி. உலகச் சண்டைக் காலம் ஆனதால் அந்தப் பத்திரம் இல்லாமல் புதிய ஆட்களை இங்கே இறங்க விடுவதில்லை. பரீட்சைக்கும் பத்திரத்துக்கும் நடுவில் கொஞ்ச நாள் சும்மா இருந்தான். படித்த பிள்ளைகளைச் சும்மா விடக்கூடாது.

3

அந்தக் கோடை கடுமையான கோடை. ஊரில் குடிதண்ணீர் இருந்தது ஊருணியில் மட்டும். ஊருணியைச் சுற்றி மதில், ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு காவல்காரர். அவர் பெயர் அடைக்கலம். தெற்கே காலனி ஜனங்கள் உள்ளே வரக்கூடாது. மதிலுக்கு வெளியே பானையோடு உட்கார்ந்திருந்தால், யாராவது மனம் இரங்கி ஊற்றுவார்கள். அந்தக் கோடையில் மனம் இரங்குகிறவர்களுக்கே தண்ணீர் போதவில்லை.

என் மகன் மூன்று காலை அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். நான்காம் காலை ஒரு கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தான். கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றான். கொஞ்ச நேரம் யாரும் உள்ளே போகவில்லை. பிறகு ஒரு பெண் எழுந்து போனாள். அதன்பின் எல்லோரும் போனார்கள்.

இந்தக் கதையை வள்ளிக்குச் சொன்னபோது அவளுக்கு அண்ணன் மேல் கோபம் வரவில்லை. "தண்ணிக்கு எதுக்குப்பா பூட்டு? ஓடிப் போயிருமா?" என்று கேட்டாள். குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் தேசத்தில் பிள்ளைகளை வளர்த்தால் புத்தி இப்படித்தான் மழுங்கும்.

அம்பலகாரர் பிராது கொடுத்தார். தங்கை மகன் என்று விட்டால் ஊரில் தலை நிமிர முடியாது. பூட்டை உடைத்தவன் பெயரைப் பிராதில் சொல்லியாகிவிட்டது. காலனி ஜனங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை; மிச்சம் இருந்த சாட்சி அடைக்கலம் ஒருவர்தான். அவரோ, "ஆளு ஓடுனது தெரியும். யாருன்னு தெரியலீங்க" என்று சொல்லிவிட்டார். அவருடைய தம்பிக்கு இந்தத் தோட்டத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது நான். அது அவருக்கு ஞாபகம் இருந்தது. பட்டப்பகலில், பனைமரத்து உயரம்கூட இல்லாத தூரத்தில், தினம் பார்க்கிற பையனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

4

தந்தி வந்ததும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். தலைமன்னாரில் கப்பல் ஏறி மறுகரை இறங்கும்போது, நம் நாட்டுக்குள் போகிறவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. திரும்பி வரும்போதுதான் மண்டபம் முகாமில் நாக்கை நீட்டச் சொல்லி, துணிகளை ஆவியில் அவித்து, மனிதனையும் அவிக்கலாமா என்று யோசிப்பார்கள். நம்மிடமிருந்து இலங்கையை அவ்வளவு கவனமாகப் பாதுகாக்கிறார்கள்.

ஊரில் மைத்துனர் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். மனிதர் இளைத்துப் போயிருந்தார்.

"மாப்ளே, பிராது குடுத்துட்டேன். இப்ப வாபஸ் வாங்குனா ஊரு என்னயக் காறித் துப்பும். வாங்காட்டி தங்கச்சி மொகத்துல எப்படி முழிப்பேன்? அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன்."

"சொல்லுங்க மச்சான்."

"அடைக்கலம் நம்ம கருப்பர் கோயில்ல சூடத்த அணைச்சு, 'ஒடச்சது இந்தத் தம்பி இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் கருப்பருக்குக் கட்டுப்பட்டு ராஜி ஆயிர்றேன். ஊருக்கும் பேச்சில்ல, எனக்கும் கொறச்சல் இல்ல. ஒம்மகன் கப்பல் ஏறிப் போயிருவான்."

"அடைக்கலம் ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டான். அவனுக்கு ஒம்மேல அம்புட்டு விசுவாசம்."

வக்கீலும் இதையே சொன்னார். வாதி ராஜியானால் கோர்ட்டில் கேஸ் நிற்காது. "கோயில்ல முடிஞ்சா கோர்ட்டுக்கு வேலை மிச்சம்" என்று சிரித்தார்.

பாருங்கள், எவ்வளவு அருமையான பொய். குற்றம் சாட்டியவர், குற்றவாளியின் தகப்பன், சாட்சி, வக்கீல் எல்லோரும் ஒரே மனதாக நின்று கட்டியது. ஒரு கோயில் திருப்பணிக்குக்கூட எங்கள் ஊரில் இவ்வளவு ஒற்றுமை வந்ததில்லை. சொல்லப் போகிறவர் மட்டும் அடைக்கலம். பொய்ச் சத்தியம் பலித்தால் போகும் உயிரும் அவர் வீட்டு உயிர்தான் என்று அப்போது நான் நினைக்கவில்லை. நான் இங்கிலீஷ் படித்தவன். சூடம் எரியும், அணையும், அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும்.

என் மகனுக்கும் அதே அளவு தெரியும். அவனிடம் சொன்னபோது ஏளனமாகத்தான் சிரித்தான். "நல்லதாப் போச்சு. கருப்பரு மொதல் தடவையா எனக்காக வேலை பாக்கப் போறாரு" என்றான்.

5

செவ்வாய்க்கிழமை காலையில் ஊர் கூடியது. கருப்பர் கோயில் என்றால் கோபுரம் எல்லாம் இல்லை. ஒரு வேலமரம், கீழே ஒரு கல், கல்லில் சாய்ந்து துருப்பிடித்த அரிவாள்கள். அடைக்கலம் ஊருணியில் முழுகி, ஈர வேட்டியோடு வந்து நின்றார். பிழிந்த வேட்டி நுனியையே திரும்பத் திரும்பப் பிழிந்தார்.

அவருக்குப் பின்னால் அவர் மனைவி நின்றாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. வரிசையாகப் பிறந்த பிள்ளைகள் எதுவும் நிலைக்காமல், கடைசியாக நிலைத்த பிள்ளை. அவள் அழவில்லை. முந்தானையை எடுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டாள். கருப்பர் பார்க்காமல் இருக்க வேண்டுமாம்.

பூசாரி சூடத்தைக் கொளுத்தினார்.

"சொல்லிட்டு அணைப்பா" என்றார் அம்பலகாரர்.

அடைக்கலம் ஒரு அடி முன்னால் வந்தார். கையை நீட்டினார். முந்தானைக்குள் இருந்த குழந்தையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"வெயில் ஏறுது. சட்டுன்னு சொல்லு" என்றார் ஒருவர்.

அப்போது என் மகன் என் பக்கத்திலிருந்து நகர்ந்தான். கால் மாற்றி நிற்கிறான் என்று நினைத்தேன். நேராகப் போனான். அடைக்கலத்தின் நீட்டிய கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினான்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க. நீங்க வேணாம்."

"தம்பி, சும்மா இருங்க. நான் சொல்லிர்றேன். ஒங்க அப்பாவுக்கு நான் பட்ட கடன்..."

"ஒங்க புள்ளையவா அதுக்குக் குடுப்பீங்க?"

"டேய் குமாரசாமி! தள்ளிப் போடா!" என்று அம்பலகாரர் கத்தினார். சத்தத்தில் கோபம் கொஞ்சம்தான். கெஞ்சல்தான் அதிகம்.

என் மகன் குனிந்தான். எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

"பூட்ட ஒடச்சது நான்தான்" என்றான்.

சாமி இல்லை என்று பொழுதெல்லாம் வாதாடுகிறவன், சாமி முன்னால், சாமி வழக்கப்படி, ஒரு திருத்தமும் இல்லாமல் சத்தியம் செய்தான். ஊரில் பக்தி உள்ளவர்கள் நாங்கள் அத்தனை பேரும் ஒரு பொய்க்காகக் கூடி நின்றோம். எந்தப் பக்கம் நம்பிக்கை, எந்தப் பக்கம் நாத்திகம் என்று அன்றைக்கு வெளியூர்க்காரன் ஒருவன் வந்திருந்தால் குழம்பிப் போயிருப்பான்.

திரும்பும் வழியில் அவனைக் கேட்டேன்: "நீதான் இதையெல்லாம் நம்புறதில்லையேடா?"

"நான் நம்பலைப்பா. அவரு நம்புறாரு. நாளைக்கு அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா அந்த அண்ணன் உசுரோட இருப்பாருன்னு நெனைக்கிறீங்களா?"

சூடம் எரியும், அணையும் என்பதற்கு மேல் என் இங்கிலீஷ் படிப்பு எனக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று மட்டும் தோன்றியது.

6

சூடம் அணைத்துச் சொன்னதை மறைத்தால் கருப்பர் அம்பலகாரரைக் கேட்பார். எனவே ராஜி என்ற பேச்சு போயிற்று. ராஜிக்காகக் கண்டுபிடித்த வழியே ராஜியைக் கெடுத்தது.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். பி.ஏ. படித்த பையனைத் தண்டிக்க அவருக்கு விருப்பமில்லை.

"பெயர்?"

"குமரன்."

"தகப்பனார்?"

"முத்தையா."

"பூட்டை உடைச்சது நீங்களா?"

"ஆமாங்க."

வக்கீல் எழுந்து, பையன் இளம் வயது, ஏதோ வேகத்தில் செய்துவிட்டான், வருத்தம் தெரிவித்துக்கொள்கிறான் என்றார். மாஜிஸ்திரேட் ஆசையோடு என் மகனைப் பார்த்தார். "வருத்தப்படறீங்க, இல்லையா?"

"பூட்டுக்கு வருத்தம்தாங்க. நல்ல திண்டுக்கல் பூட்டு. தெறந்ததுக்கு வருத்தம் இல்லீங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் பெருமூச்சு விட்டு எழுத ஆரம்பித்தார். ஒரு மாதம் சிறை. 'கன்விக்டெட்', குற்றம் நிரூபணமாயிற்று, என்று ஆங்கிலத்தில் வாசித்தார்கள். நான் இத்தனை வருஷம் ஆங்கிலத்தில் கணக்கு எழுதுகிறேன். அந்த ஒரு சொல் அவ்வளவு சுருக்கென்று இறங்கும் என்று எனக்குத் தெரியாது.

அவன் சிறையிலிருந்து வெளியே வந்ததும் தாசில்தார் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நன்னடத்தைப் பத்திரம் கொடுக்கும் குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தண்டனை ஆனவருக்கு நன்னடத்தைன்னு எப்படிங்க எழுதிக் குடுக்கிறது?"

நியாயம்தான். அந்தக் கோயிலில் கூடியிருந்த எங்கள் எல்லோருக்கும் அவர் கேட்ட நிமிஷத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்.

7

நான் தனியாகத் திரும்பி வந்தேன். சின்ன கிளாக்கர் வேலை வேறொருவருக்குப் போய், அவரும் இப்போது காய்ச்சல் கண்டு ஊர் திரும்பப் போகிறார். தொரை ஒருநாள் விசாரித்தார், பையனுக்கு எதற்காகத் தண்டனை என்று. "தண்ணீர் விஷயம்" என்றேன். திருடினானா என்று கேட்டார். இல்லை, கொடுத்தான் என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, என் இங்கிலீஷ் முன்பு நன்றாக இருந்ததாகச் சொன்னார்.

குமரன் பொன்னமராவதியில் ஒரு வெங்காய மண்டியில் வேலை செய்கிறான். செல்லம்மாள் சோறு போடும்போதெல்லாம் ஒரு தட்டு கூடுதலாக எடுத்து, பிறகு உள்ளே வைக்கிறாள். அதுதான் பெரிய தண்டனை.

அப்படியிருக்க, போன மாதம் மைத்துனரிடமிருந்து ஆள் வந்தது. புதிய வழி. கோர்ட்டில் தண்டனை ஆனது குமரனுக்கு. காலேஜ் சர்டிபிகேட்டில் இருப்பது குமாரசாமி. எங்கள் ஊரில் முத்தையாக்களுக்குப் பஞ்சம் இல்லை. தண்டனை பெற்ற முத்தையா மகன் குமரன் வேறு ஆள், அவன் என் மகன் அல்ல, எனக்கு எந்த உறவும் இல்லை என்று நான் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். தாசில்தார் மாறிவிட்டார்; புதியவர் கேள்வி கேட்க மாட்டார்.

மகனுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். மைத்துனர் அனுபவத்தால் கற்றுக்கொள்கிறவர்.

செல்லம்மாளிடம் சொன்னேன். "ஹட்டன்ல நீதவான்கிட்டப் போய்க் கையைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்லணும். அம்புட்டுத்தான்."

"சூடமெல்லாம் இல்லையே?"

"சூடமெல்லாம் இல்லை."

"அப்பப் போயிட்டு வாங்க" என்றாள். அன்றைக்கே தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டாள்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு ஹட்டனுக்குப் போனேன். மீதி, திரும்பி வந்தபின் எழுதுவது.

சமாதான நீதவான் யாழ்ப்பாணத்துக்காரர். வெற்றிலை போட்ட வாயோடு பத்திரத்தை வேகமாக வாசித்தார். "இதில சொன்னது எல்லாம் உண்மைதானே? கையைத் தூக்கிச் சொல்லுங்கோ." எனக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் ஏதோ ஒன்றைச் சத்தியம் செய்ய வந்தவர்கள். வெளியே தேநீர்க் கடையில் காத்திருப்பவர்கள் வேறு.

கையைத் தூக்கினேன். அணைக்க ஒன்றும் இல்லை. சுடாது. பாதி ஊர் இப்படித்தான் தினமும் கையைத் தூக்குகிறது. "மேற்படி குமரன் என் மகன்" வரைக்கும் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் ஒரே ஒரு சொல் பாக்கி. அது வரவில்லை.

நீதவான் காத்திருந்தார். "முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுதுங்க" என்றேன். கையெழுத்துப் போடாத பத்திரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்காமல் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீட்டு வாசலில் செல்லம்மாள் நின்றாள்.

"சத்தியம் பண்ணிட்டீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"அவன் எம்மகன்னு தோணிருச்சு."

"இத்தனை வருஷம் கழிச்சா?" என்றாள்.

வள்ளியைக் கூப்பிட்டு, பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னாள். தூசியைத் தட்டினாள்.

"அவன் இங்க வர முடியாது. சரி. நாம அங்க போக முடியுமில்ல? அதுக்கும் எங்கிட்டாவது கையத் தூக்கணுமா?"

நாளைக்குத் தொரையிடம் நோட்டீஸ் கொடுக்கப் போகிறேன். "எல்லாம் சரியா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அடைக்கலம் வேறு என் மகனிடம் சொன்னாராம், இப்போதெல்லாம் புள்ள அழுகிற சத்தத்தில் ஊருணிக் கதவைப் பூட்ட அடிக்கடி மறந்துவிடுகிறது என்று. வள்ளியை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

செல்லம்மாளின் கேள்விக்காக விசாரித்துவிட்டேன். இந்தியாவுக்குள் போக நன்னடத்தைப் பத்திரம் வேண்டாமாம். அங்கே எங்களைப் போன்றவர்களையும் விடுகிறார்கள்.